கடற்குதிரைச் சாடிக்கு அந்தப் பக்கம்

எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் கணக்கும் பொது விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பேசி வந்தவர்கள் பெண்வீட்டார். எங்கள் பகுதி முஸ்லிம்களிடம் பெண்வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வீடும் அவர்கள்தான் தருவார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டியதுதான். போகுமுன் அந்த வீட்டைப் பார்க்கலாம், கிணற்றுத் தண்ணீரைக் குடித்து உப்பா நல்லதா என்று சொல்லலாம், வளவில் நிற்கும் தென்னைகளை அண்ணாந்து பார்க்கலாம். பெண்ணை மட்டும் நிக்காஹ் முடிந்த பிறகுதான் பார்க்கலாம். முன்னதாக ஒருமுறை பார்த்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு என்று மௌலவிமார் சொல்வார்கள். ஊரில் இடமில்லை.

எனக்காகப் பெண்ணைப் பார்த்துவந்தவள் என் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள். உம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான், அடக்கி வைத்தவளும் அவள்தான். மருதமுனையில் கைத்தறி வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மாட்டு வண்டியை விட்டு இறங்குமுன்பே எனக்குச் செய்தி சொன்னாள். அந்த வீட்டில் இரண்டு பெண்களாம். இரண்டும் ஓர் அச்சில் வார்த்தது மாதிரியாம். எனக்குப் பேசியிருப்பது மூத்தவளை. அவளுக்கு இடது கன்னத்தில் மிளகளவு மச்சம் இருக்கிறதாம்.

“அந்த மச்சத்த வெச்சித்தான் ஊராக்கள் ரெண்டு பேரையும் பிரிச்சி அறியிற” என்றாள் ராத்தா.

அன்றிலிருந்து நான் அந்த மச்சத்தோடு வாழத் தொடங்கினேன். பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் மைத்துளி விழுந்திருந்தால் கூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் மச்சம் மட்டும் வந்து நின்றதே தவிர, அதைச் சுற்றி ஒரு முகம் வரவேயில்லை. எப்படியாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னைப் பேய்போல் பிடித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கடல் உயிரினக் காட்சி வந்தது. கொழும்பிலிருந்து லொறிகளில் கண்ணாடித் தொட்டிகளைக் கொண்டுவந்து, அரிசி ஆலைக்காரரின் வெறுமையாகக் கிடந்த களஞ்சியத்தில் இறக்கினார்கள். தவிட்டு மணம் போகாத அந்தக் களஞ்சியத்துக்குள் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீர் போயிற்று. ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று ஊர் ஊராகத் திரிந்து, குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று கூவியது. சாய்ந்தமருதுக் கரைவலைக்காரர்கள் வயிறு வெடிக்கச் சிரித்தார்கள். மீனைப் பார்க்கக் காசு கொடுப்பவன் மழையில் நனையவும் காசு கொடுப்பான் என்றார்கள். பிறகு அவர்களும் டிக்கட் எடுத்துக்கொண்டு போனார்கள்.

குடும்பத்தோடு வாருங்கள் என்று சொன்னவர்களுக்கு எங்கள் ஊர்க் குடும்பத்தைப் பற்றித் தெரியாது. ஆணும் பெண்ணும் முட்டி மோதிக்கொண்டு மீன் பார்ப்பதா என்று பள்ளிவாசலில் பேச்சு எழுந்தது. காட்சிக்காரர்கள் நல்ல மனிதர்கள். சனிக்கிழமை பின்னேரம் குடும்பங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, களஞ்சியத்தின் நடுவால் நீளத்துக்கு ஒரு திரை கட்டுவதற்குச் சம்மதித்தார்கள். திரைக்கு ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். திரையில் இடைக்கிடை இடைவெளி விட்டு, அந்த இடைவெளிகளை அடைத்தாற்போல் தொட்டிகளை வைப்பது என்று ஏற்பாடு. இரண்டு பக்கத்தாரும் ஒரே மீனைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

அந்தத் திரைச் சீலையை இலவசமாகக் கொடுத்தவர் மருதமுனைத் தறிக்காரர் ஒருவர். அவர்தான் எனக்கு மாமனாராக வர இருந்தவர். சீலை கொடுத்த மரியாதைக்கு அவர் வீட்டார் சனிக்கிழமை நிச்சயம் வருவார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு மாஸ்டரல்லவா!

ஒரே தடை, குடும்பம் இல்லாத ஆணுக்கு அன்று அனுமதி இல்லை. வாசலில் நிற்பவர் தனியாக வரும் பெடியன்களைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். எனவே எனக்கு ஒரு குடும்பம் தேவைப்பட்டது. பிள்ளைகள் கடல் பிராணிகளைப் பற்றி அறிந்துகொள்வது அவசியம் என்று ராத்தாவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். அதுவரைக்கும் அவளுடைய பிள்ளைகளின் மூக்கைக் கூடத் துடைத்துவிடாத நான் அப்படிப் பேசியதும் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பெண்பிள்ளைகளையும் தன் கையில் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

“இவன் ஆம்புளப் புள்ள. ஆம்புளைகள்ற பக்கம்தான் போகோணும்” என்றாள்.

பல் முளைக்காத அந்த ஆண்மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். புதுச் சாரன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஊற்றுப் பேனா, தலை நிறைய எண்ணெய். மீன் பார்க்க அப்படி ஒருவன் வந்ததை அந்தக் களஞ்சியம் அதற்கு முன்னும் கண்டிராது, பின்னும் கண்டிராது.

உள்ளே ஆண்கள் பக்கம் நல்ல கூட்டம். கணவாய்த் தொட்டிக்கு முன்னால் இருவர் அதை எப்படிச் சமைப்பது என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பேத்தை மீன் ஊதிப் பெருத்துக்காட்டியபோது ஒருவர் தன் முதலாளியை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். நான் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, மீன்களை விலக்கி அந்தப் பக்கம் பார்க்க முயன்றேன். பெரிய தொட்டிகளுக்குள் பாசியும் கல்லும் போட்டுத் தண்ணீரைக் கலங்கடித்து வைத்திருந்தார்கள். ஒன்றில் சேலையின் நிறம் தெரிந்தது. இன்னொன்றில் ஒரு சிறுமியின் நசுங்கிய மூக்குத் தெரிந்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில்தான் கடற்குதிரைகள் இருந்தன. அவற்றின் தொட்டி லொறியில் வரும்போது உடைந்துவிட்டதாம். அதனால் உருளை வடிவான ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் விட்டு, திரையின் இடைவெளியில் உயரமான முக்காலி ஒன்றில் வைத்திருந்தார்கள். அந்தச் சாடியில் தண்ணீர் மட்டும் பளிங்காக இருந்தது. அதற்குப் பக்கத்தில், தான் கொடுத்த திரை சரியாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார் என் வருங்கால மாமனார். ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டு, என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். ராத்தாவின் மகன் என்று கேட்காமலே சொன்னேன்.

நீளக் காற்சட்டை போட்ட ஒரு உத்தியோகத்தர் சாடிக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். கடற்குதிரையில் பெண் முட்டையை ஆணிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுமாம். ஆண்தான் வயிற்றில் குஞ்சுகளைச் சுமந்து பெறுமாம். ஆண்கள் பக்கம் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கூட்டத்தில் பிள்ளையைச் சுமந்துகொண்டு நின்ற ஒரே ஆணாகிய என்னைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது திரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல், இந்தக் குதிரையைப் பார்த்தீர்களா என்று மாமனாரைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர், ஓம் பார்த்தேன், நம் பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காட்டு என்றார். நான் ஓரடி பின்னால் நகர்ந்து, உத்தியோகத்தரின் விளக்கத்தில் மூழ்கியவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, சாடிக்குள் பார்த்தேன்.

ஒரு முகம் வந்தது. முக்காட்டுக்குள் நீண்ட முகம், அகன்ற கண்கள். சிரிப்பை அடக்கி வைத்திருக்கும் வாய். ஒரு கடற்குதிரை அந்த முகத்துக்குக் குறுக்கே மெதுவாக நகர்ந்து போனது. அவள் அதைப் பார்த்தாளா என்னைப் பார்த்தாளா தெரியாது. நான் கடற்குதிரையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் ஓர் அறிவித்தல் தொங்கியது. அதன் எழுத்துகள் எனக்கு விளங்கவில்லை. சிங்களமாக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் முகத்துக்கு வந்தேன்.

மச்சம் இருந்தது. மிளகளவு. வலது கன்னத்தில்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, மாமனாராக வர இருந்தவர் என் தோளைத் தொட்டார். “மாஸ்டர், அஸர் தொழப் போறத்துக்கு முன்ன சாரன மாத்திக்கங்க” என்றார். குனிந்து பார்த்தேன். இடுப்பிலிருந்த ராத்தாவின் மகன் என் சட்டையிலும் சாரனிலும் தாராளமாக நனைத்து முடித்திருந்தான். என்னைச் சுற்றி நின்றவர்கள் எப்போதோ விலகிப்போய் எனக்கு ஒரு வட்டம் விட்டிருந்தார்கள். சாடிக்குள் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஒரு கிழவியின் முகம் இருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு என் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். மூத்தவளுக்கு மச்சம் இடது கன்னத்தில். நான் கண்டவளுக்கு வலது கன்னத்தில். ஆகவே நான் கண்டது இளையவளை. ஓர் அச்சில் வார்த்த இரண்டு பெண்களையும் ஊரார் பிரித்து அறிவதற்காக அல்லாஹ் ஒருத்திக்கு இடப்பக்கமும் மற்றவளுக்கு வலப்பக்கமும் மச்சத்தை வைத்திருக்கிறான். இந்த முடிவில் ஓட்டை ஏதும் இருப்பதாக எனக்குப் படவில்லை. அதன் நேர்த்தியைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டும் கொண்டேன்.

பெருமை ஆறியதும் பயம் வந்தது. எனக்குப் பேசியிருப்பது மூத்தவளை. என் மனம் போய் ஒட்டிக்கொண்டது இளையவளிடம். மூத்தவளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், அந்த முகம் தினமும் மச்சினி என்று தேத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பதை நான் எப்படித் தாங்குவேன்? அக்காவைக் கட்டிய பிறகு தங்கச்சியை நினைப்பது கூட ஹராம். மூத்தவள் இருக்க இளையவளைக் கேட்பதோ, அந்தக் குடும்பத்தை நடுச் சந்தியில் வைத்து அவமானப்படுத்துவதற்குச் சமம். சோறு இறங்கவில்லை. வகுப்பில் கூட்டச் சொன்ன கணக்கைப் பெருக்கிக் காட்டினேன்.

கடைசியில் ராத்தாவிடம், எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மேற்படிப்புக்குப் போக யோசிக்கிறேன் என்றேன். நேற்றுவரை அப்படி ஒரு யோசனை இருந்ததாகத் தெரியவில்லையே என்றாள். யோசனை இன்று காலையில்தான் வந்தது என்றேன். அவள் அழுதாள். நல்ல இடம், மானமான மனிதர்கள், அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தாவின் கணவரான என் மச்சான் அடுத்த நாள் மருதமுனைக்குப் போய், தலை குனிந்து, மாப்பிள்ளைக்கு இப்போது கலியாணம் செய்யும் எண்ணம் இல்லையாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பெண்ணின் வாப்பா ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கிழமை ஒளிமுறிவுப் பாடம். வருடா வருடம் நான் செய்துகாட்டும் பரிசோதனைதான். உருளையான கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர். அதற்குப் பின்னால் ஒரு கடதாசி, அதில் வலப்பக்கம் பார்க்கும் ஓர் அம்பு. கடதாசியைத் தம்ளரோடு ஒட்டிப் பிடித்தால் அம்பு வலப்பக்கமே பார்க்கும். சற்றே பின்னுக்கு இழுத்தால் இடப்பக்கம் திரும்பிவிடும். பிள்ளைகள் எல்லா வருடமும் வாயைப் பிளப்பார்கள். நானும் ஏதோ அதை நானே கண்டுபிடித்தவன்போல், உருளைக் கண்ணாடிக்குள் தண்ணீர் இருந்தால் தூரத்தில் உள்ள பொருளின் இடம் வலமாகும், வலம் இடமாகும், இதை உயிருள்ளவரை மறக்காதீர்கள் என்று முடிப்பேன்.

அன்றைக்கும் அம்பு திரும்பியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நானும் பிளந்தேன். உயிருள்ளவரை மறக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காட்சிகளில் தொங்கவிடுவதுபோல் ஒரு கடதாசியில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதித் தம்ளருக்குப் பின்னால் பிடித்தேன். களஞ்சியத்துச் சுவரில் நான் கண்ட அதே சிங்களம் வந்தது. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நானோ வெண்ணெயைத் திருப்பி அனுப்பிவிட்டு, நெய் கிடைக்காதே என்று பட்டினி கிடந்தவன்.

பாடசாலை விட்டதும் ராத்தாவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் விறகுக் கட்டையைத் தேடினாள். பிறகு அது கைக்குக் கிடைக்குமுன்பே சிரிக்கத் தொடங்கி, அடுப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. பெண்வீட்டார் அக்கரைப்பற்றில் ஒரு கடைக்கார மாப்பிள்ளையைக் கேட்டுப் போக இருக்கிறார்களாம். இன்றோ நாளையோ புறப்படுவார்கள் என்று கேள்வி. நான் மச்சானை உடனே அனுப்பச் சொன்னேன்.

“அந்த மனிசன் ஒருக்காத் தலகுனிஞ்சது போதும். இனி உன்ட தலைய நீயே கொண்டு போ” என்றாள்.

மாப்பிள்ளை தானே பெண் வீட்டுக்குப் போய்ப் பேசுவது எங்கள் ஊரில் கேள்விப்படாத விஷயம். ஆனாலும் போனேன். போகும்போது, படித்த முட்டாளுக்கே தோன்றக்கூடிய ஒரு யோசனை தோன்றியது. பாடசாலைத் தம்ளரையும் அம்புக் கடதாசியையும் கையோடு எடுத்துக்கொண்டேன். விஞ்ஞானத்தை நேரில் காட்டினால் எந்த நியாயமான மனிதனும் ஏற்றுக்கொள்வான் என்பது என் நம்பிக்கை.

மருதமுனையில் அவர் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் ஒவ்வொரு தறியாக நின்றது. பெண்ணின் வாப்பா என்னை வீட்டு முன்னறைக்கு அழைத்து, கதிரை காட்டினார். உள்ளறை வாசலில் ஒரு திரை தொங்கியது. அது காட்சிக் களஞ்சியத்தில் கட்டியிருந்த அதே சீலை. நான் தண்ணீர் கேட்டேன். குடிக்கக் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் தம்ளருக்குள் ஊற்றி மேசையில் வைத்து, கடதாசியைப் பின்னால் பிடித்து, என் பாடத்தைத் தொடங்கினேன்.

அம்பு இப்படி இருக்கிறது, பாருங்கள், இப்போது திரும்புகிறது, பாருங்கள் என்றேன். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். கடற்குதிரைச் சாடியும் இதே விதம்தான் என்றேன். இடது கன்னம் வலது கன்னமாகத் தெரியும் என்றேன். அதனால்தான் மூத்தவரை இளையவர் என்று எண்ணி, தவறான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்றேன். மிகத் தெளிவாக, படிப்படியாக விளக்கினேன். பரீட்சையில் அப்படி ஒருவன் எழுதியிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

அவர் நிமிர்ந்தார். “அப்ப மாஸ்டர், நான் பக்கத்தில நிக்கக்குள்ள, நான் கட்டின திரைக்குள்ளால நீங்க எங்கட புள்ளயப் பாத்திரிக்கீங்க” என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! நான் கொண்டுவந்த சாட்சி என்னையே பிடித்துக் கொடுத்துவிட்டது. பார்த்தேன் என்றால் மானம் கெட்டவன். பார்க்கவில்லை என்றால் இந்த அம்புக்கும் தம்ளருக்கும் அங்கே வேலையில்லை. ஒரு வழியும் தெரியாமல் கடதாசியைப் பிடித்தபடியே நின்றேன்.

“ஓம், பாத்தன்” என்றேன். “பாத்தத்துக்குப் பிறகு வேற எதையும் பாக்க ஏலல்ல.”

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரைக்கு உள்ளே வளையல் சத்தம் கேட்டது. அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. தோற்றுப்போன சலிப்புத்தான் இருந்தது.

“இஞ்ச வா. மகள் சொன்னது சரிதான்” என்றார்.

பிறகு என்னிடம் விஷயத்தைச் சொன்னார். நான் மறுத்துச் சொல்லி அனுப்பிய அன்று வீடே மௌத்து வீடுபோல் கிடந்ததாம். மூத்தவள் மட்டும் அழாமல் யோசித்துக்கொண்டு இருந்தாளாம். களஞ்சியத்தில் அவர் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டதைத் திரைக்கு அப்பால் நின்று கேட்டிருந்தாளாம். அந்த மாஸ்டர் என்னைச் சாடிக்குள்ளால் பார்த்தார், சாடி மாற்றிக் காட்டும், என் மச்சத்தை மறுபக்கம் கண்டு தங்கச்சி என்று நினைத்துவிட்டார், கொஞ்சம் பொறுங்கள், விளங்கினால் வருவார் என்றாளாம். அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டவரை இரண்டு தடவை மறித்ததும் அவள்தானாம். ஒரு படித்த மாஸ்டருக்கு இது விளங்க இவ்வளவு நாளாகுமா என்று அவர் மகளிடம் கேட்டாராம். என்னிடமும் கேட்டார்.

இளையவளுக்கு மச்சம் எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்டேன். இளையவளுக்கு மச்சமே கிடையாது என்றார்.

அவர் உடனே சம்மதம் சொல்லிவிடவில்லை. முதலில் தறிக் கொட்டிலில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து குனிந்து தம்ளருக்குள் அம்பு திரும்புவதைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் எதற்காக இதைக் காட்ட வந்தார் என்று ஒருவர் கேட்டபோது, மாமனார், அது பெரிய கதை, கலியாணத்தில் சாப்பிடும்போது சொல்கிறேன் என்றார். சம்மதம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

நிக்காஹ் முடிந்தது. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். சாடி காட்டியதைவிட அவளுக்கு வட்டமான முகம். மச்சம் இடது கன்னத்தில், ராத்தா சொன்ன அதே இடத்தில் இருந்தது. விருந்தில் மாமனார் வாக்குத் தவறாமல் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்குத் தம்ளர் மாஸ்டர் என்று பெயர். என் சொந்தப் பெயரைக் கேட்டு வருகிறவர்களுக்கு வழி காட்ட ஆள் இருக்காது.

மறுநாள் காலையில் அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடித் தம்ளரில்தான். நான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். சாடி மாற்றிக் காட்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“உங்கட பொக்கட்டும் பேனையும் வலப்பக்கம் இரிந்திச்சி. எந்தத் தையல்காரன் வலப்பக்கம் பொக்கட் வெக்கிற?” என்றாள்.

அவ்வளவுதான். துணி நெய்கிற வீட்டுப் பெண், முகத்துக்கு முன்பே சட்டையைப் பார்த்திருக்கிறாள். நான் அவளுக்குப் பின்னால் ஒரு முழு அறிவித்தலே இடம் வலமாகத் திரும்பித் தொங்கியதைக் கண்டும், சிங்களம் என்று ஒதுக்கிவிட்டு வந்தவன். தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்து முடித்தேன். ஆனால் எனக்கு உண்மையில் விளங்காதது வேறொன்று. வேண்டாமென்று சொல்லி அனுப்பிய ஒருவனுக்காக அவள் ஏன் வாப்பாவை மறித்துக்கொண்டு நின்றாள்? அதையும் கேட்டேன்.

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“அந்தப் புள்ள உங்கட மேலெல்லாம் நனச்சிப் போட்டுது. பக்கத்தில நிண்ட ஆம்புளைகள் எல்லாம் விலகிப் போயிட்டாங்க. நீங்க புள்ளய எறக்காம அப்பிடியே நிண்டீங்க” என்றாள்.

என் உள்ளம் குளிர்ந்தது. பிள்ளைகள்மேல் இரக்கமுள்ள மனிதன் என்று என்னை ஒருத்தி நினைத்திருக்கிறாள். அந்தப் பெயரோடு அப்படியே இருந்துவிடலாம்தான். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால், சாடியும் தண்ணீரும் இல்லாமல், எனக்குப் பொய் வரவில்லை.

“அது புள்ளையில இரக்கத்தால இல்ல. உன்னப் பாத்துக்கிட்டு நிண்டதில நனஞ்சதே எனக்குத் தெரியல்ல” என்றேன்.

அவள் வெறுந் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அதத்தானே நானும் சொல்றன்” என்றாள்.